விண்கலத்தில் யாரையும் குளிப்பாட்டுவதில்லை

வத்தளை
2025 டிசம்பர் 15

சுபா,

நேற்று பதுளையிலிருந்து சித்தப்பா மகன் கிருஷ்ணராஜ் பேசினான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுக்கா. கருமாதிக்கு லயத்து சனம் எல்லாம் வந்திருந்தாங்க" என்றான். யாருடைய கருமாதி என்று கேட்டேன். "நம்ம துஷாந்தோடதுதான்" என்றான்.

உடனே உன்னை அழைத்தேன். நான் கத்தியதும் நீ தொடர்பைத் துண்டித்ததும் உனக்கே தெரியும். மறுபடி எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

என் தம்பியின் உடலை யார் பார்த்தார்கள்? இராணுவம் பார்த்ததா, கிராம சேவகர் பார்த்தாரா, நீ பார்த்தாயா? மண்சரிவில் அகப்பட்டவர்களில் எத்தனையோ பேரை எங்கெங்கோ வைத்தியசாலைகளில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்ல முடியாமல் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வைத்தியசாலையாக அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதை திறந்த அன்றே வந்திருப்பேன். பண்டாரவளைக்கு மேலே பஸ் போகாது என்று சொல்லிவிட்டார்கள். நான் இங்கே தேடிக்கொண்டிருக்க, நீங்கள் அங்கே அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறீர்கள்.

'தொலைவானம்' விண்வெளித் தொடரில் இரண்டாம் பாகத்தை நீங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தீர்கள். அதில் பொறியியலாளன் ஒருவன் கப்பலுக்கு வெளியே போய்த் தொலைந்து போவானே, ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்களுக்கு என்றால் நினைவுப் பிரதி இருக்கும், செத்தாலும் மீட்பறையில் திரும்ப உண்டாக்கிவிடுவார்கள். இவனுக்குப் பிரதி இல்லை. போய்விடலாம் என்று தலைவர் சொல்லுவார். கப்பல் நகர மறுக்கும். கப்பலின் குரல் நான்தான். "அவர் இல்லை என்று எனக்கு யாரும் நிரூபிக்கவில்லை" என்று நான் பேசிய வசனம் அது. கப்பல் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அவன் உயிரோடு கிடைத்தான்.

அன்றைக்குத் தம்பி எனக்குத் தொலைபேசியில் சொன்னான்: "அக்கா, நீ பேசுனப்ப இங்க ஒருத்தரும் மூச்சு விடல."

ஒரு கப்பலுக்கு இருந்த பொறுமை உனக்கு இல்லாமல் போனதே, சுபா. உயிரோடு இருக்கக்கூடிய ஒருவனைப் புதைத்துவிட்டாய்.

சிவசக்தி


பாடசாலை முகாம், நமுனுகுல
2025 டிசம்பர் 23

அன்பு மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதியது நல்லதுதான். தொலைபேசியில் உங்கள் குரலோடு என்னால் போட்டி போட முடியாது. நீங்கள் பேசினால் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும். காகிதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சத்தம்தான்.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அவருக்குப் படுக்கை செய்திருக்கிறோம். மகள் யதுஷிகா நன்றாகச் சாப்பிடுகிறாள். நான் பகலில் இங்கேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா இடிந்துபோனாலும், வேலைக்குப் போகிற தாய்மாருக்குப் பிள்ளைகளை விட ஓர் இடம் வேண்டும் இல்லையா?

கருமாதியை நான்தான் செய்யச் சொன்னேன். மாமா மீதோ கிருஷ்ணராஜ் மீதோ கோபப்படாதீர்கள். உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நடக்க விடமாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

எப்படிச் செய்தோம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். சரிந்த மண்ணுக்குப் பக்கத்தில் போக இராணுவம் விடவில்லை. மேல் ரோட்டிலேயே ஒரு பலகை போட்டோம். உடல் இல்லாதவருக்குத் தர்ப்பையில் உருச் செய்வார்கள் என்று ஐயர் சொன்னார். தர்ப்பை வந்தது. ஆனால் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "புல்லக் காட்டி எம்மகன்னு சொல்லாதீங்க சாமி" என்றார். உங்கள் தம்பி ஆட்டோ ஓட்டும்போது போடுகிற சட்டை ஒன்று நான் போர்த்திக்கொண்டு வந்த துணிகளோடு தப்பியிருந்தது. அதைப் பலகையில் விரித்து, எண்ணெய் தொட்டு வைத்து, சீயக்காய் கரைத்து ஊற்றி, குடம் குடமாகத் தண்ணீர் விட்டோம். மாமா இரண்டு கைகளாலும் அந்தச் சட்டையின் தோள்பட்டையைத் தேய்த்தார். மழையும் பெய்தது. யாரும் குடை பிடிக்கவில்லை.

மதினி, உங்கள் தொடரை நானும்தான் பார்த்தேன். அவருக்கு அது உயிர். யார் வீட்டில் எது செத்தாலும், கோழி செத்தாலும், "பதிவு பத்திரமாக இருக்கிறது, பயணம் தொடரும்" என்று உங்கள் மாதிரியே குரலை மாற்றிச் சொல்லுவார். நானும் சிரிப்பேன். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும், சொன்னதில்லை. அந்தக் கப்பலில் எத்தனையோ பேர் செத்தார்கள். ஒருவரையாவது யாராவது குளிப்பாட்டினார்களா? யாருக்காவது ஒரு வாய்க்கரிசி போட்டார்களா? ஒரு வெள்ளைத் துணியை இழுத்து மூடுவார்கள். கொஞ்சம் இசை வரும். அடுத்த கிழமை வேறு கதை. செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரும் பொழுதைக் கழிக்கவில்லை. அங்கே சாவு என்பது ஒரு பழுது. திருத்தினால் சரியாகிவிடும்.

இங்கே அப்படி இல்லை. அந்தக் கப்பல் காத்திருந்தது சரி. அதற்குப் பசிக்காது, குளிராது, அதைப் பார்த்து "அப்பா எங்கே" என்று கேட்க அதற்கு ஒரு பிள்ளை இல்லை.

அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள்.

சுபாஜினி


வத்தளை
2026 ஜனவரி 6

சுபா,

சட்டையைப் பற்றி நீ எழுதியதை நான் மறுபடி வாசிக்கவில்லை. ஒரு தடவை போதும்.

போன கிழமை கண்டிக்குப் போனேன். அங்கே ஒரு வைத்தியசாலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஊவாப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தவர், பேச்சு வராமல் இருக்கிறார் என்று என் சிநேகிதி ரிஸ்கா விசாரித்துச் சொல்லியிருந்தாள். அவளே கூட வந்தாள். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள்தான் உள்ளே போய், "வாங்க அக்கா, வந்து பாருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஆனாலும் போனேன். யாரோ ஒரு பையன். தலையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கும் ஓர் அக்கா இருந்து தேடிக்கொண்டிருப்பாளோ என்னவோ. கொண்டுபோன தோடம்பழத்தை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் தம்பியாக இல்லாமல் போனதால் மற்றவர்களும் தம்பி இல்லை என்று ஆகிவிடாது. இதை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். நானும் வற்புறுத்தவில்லை.

இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக. யதுக்குட்டிக்குப் பதினைந்தாம் திகதி பிறந்தநாள். ஒவ்வொரு வருஷமும் தம்பி அவளை ஆட்டோவில் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிப்போவான். இந்த வருஷம் அவளுக்கு என்ன இருக்கிறது?

எங்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் றில்வான் என்று ஒருவர் இருக்கிறார். கைதேர்ந்தவர். தம்பி எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தேன். இப்போது ஒரு மென்பொருள் இருக்கிறது. நான் பேசினால் அது தம்பியின் குரலாக வெளியே வரும். றில்வான் முதலில் தயங்கினார். "வேணாம் சிவா அக்கா, இது நல்லதுக்கில்ல" என்றார். நான் விடவில்லை.

சுபா, முதல் வார்த்தை வந்ததும் நான் காதில் போட்டிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டேன். பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டு மாலைவரை கேட்டேன். அவன்தான். அந்தக் கரகரப்பு, மூக்கால் வருகிற அந்தச் சிரிப்பு எல்லாம் அவன்தான். தொடரில் மீட்பறைக் கதவு திறக்கும்போது வெளியே நிற்கிறவர்கள் ஏன் அப்படி அழுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை காலமும் புரியாமலே குரல் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பதிவை உன் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். "அப்பா தூரத்துல இருக்கேன், நல்லா படி, தாத்தாவைப் பார்த்துக்க" என்று மட்டும்தான் வரும். பிறந்தநாளன்று பிள்ளைக்குப் போட்டுக் காட்டு. அவளுக்கு ஒரு நாளாவது சந்தோஷம் கிடைக்கட்டும்.

சிவசக்தி


பாடசாலை முகாம், நமுனுகுல
2026 ஜனவரி 19

மதினிக்கு,

நான் அதைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். கிடைத்த அன்றே அழித்திருக்க வேண்டும். எனக்கு அழிக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் வெளியே விளையாடும்போது, கரும்பலகைக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தடவை கேட்கலாம் என்று போட்டேன். மனைவிதானே நான். எனக்கும் ஆசை இருக்காதா?

யதுஷிகா எப்போது வந்து என் சேலையைப் பிடித்தாள் என்று தெரியாது. முழுவதையும் கேட்டாள். நான் நிறுத்தப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, இது அப்பா இல்ல. அத்தை. அத்தை அப்பா கொரலப் போட்டுக்கிட்டு பேசுறாங்க."

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அப்பா இப்பிடி நின்னு நின்னு பேசமாட்டாரு. கப்பல்தான் இப்பிடிப் பேசும்."

ஆறு வயசுப் பிள்ளை, மதினி. உங்கள் இயந்திரம் குரலைத்தான் மாற்றியிருக்கிறது. மூச்சு உங்களுடையது. எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது எல்லாம் நீங்கள்தான். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. "அப்ப அப்பாவோட கொரல் அத்தைகிட்ட இருக்கா? அப்பாகிட்ட இல்லையா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னைக் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறாள். அப்பா தூரத்தில் இருக்கிறேன் என்று ஏன் சொன்னார், தூரம் என்றால் எது, பஸ் போகுமா? அப்பா மண்ணுக்குள் போய்விட்டார் என்று சொல்லிச் சொல்லி, கருமாதியில் அவள் கையாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டீர்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது சொல்கிறேன். இதை மாமாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

மண்சரிவுக்கு முதல் நாளே லயத்து வரிசை வீடுகளின் சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் எங்களை எழுப்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமாவைக் கையில் பிடித்துக்கொண்டு மேல் ரோட்டுக்கு ஏற்றிவிட்டார். எல்லோரும் வந்தாயிற்றா என்று கேட்டார். கீழ் லயத்துச் சந்தனம் பெரியவர் வரவில்லை. அவர் படுக்கையில் கிடந்தவர், உங்களுக்கே தெரியும். "இந்தா வந்துர்றேன்" என்று இறங்கினார். நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் நின்றிருக்க மாட்டார்.

நான் ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் வந்துவிட்டது. பெரியவரை முதுகில் சுமந்துகொண்டு அவர் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு இரண்டடி இறங்கினேன். வராதே என்று கையைத் தூக்கிக் காட்டினார். அப்போது மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவரும் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே நகர்ந்து போவதைப் பார்த்தேன். நான்கு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவரின் உடலை மூன்று நாள் கழித்து ஆற்றோரத்தில் எடுத்தார்கள். இவர் முதுகில்தான் பெரியவர் கிடந்தார் இல்லையா? அவர் கிடைத்தார், இவர் கிடைக்கவில்லை.

யாரும் நிரூபிக்கவில்லை என்று உங்கள் கப்பல் சொல்லலாம். நான் பார்த்தேன், மதினி. பார்த்தவள் சொல்வதைவிட ஒரு கதையில் வந்த வசனம் உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அந்தக் குரலை அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள். அது முடிகிறவரை எனக்கு எழுத வேண்டாம்.

சுபாஜினி


வத்தளை
2026 பெப்ரவரி 10

சுபா,

அழித்துவிட்டேன். றில்வான் பக்கத்தில் நின்று, "எல்லாத்தையுமா?" என்று கேட்டார். தம்பி உண்மையாகவே அனுப்பிய பழைய செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டேன். "அக்கா, சாப்பிட்டியா? இங்க ஒரே மழை" என்கிற மாதிரிச் செய்திகள்தான். அவற்றில் அவன் நின்று நின்று பேசவில்லை. பிள்ளை சொன்னது சரி.

நீ எழுதியதற்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அவன் கையைத் தூக்கிக் காட்டியதை நீ பார்த்திருக்கிறாய். அதைத் தனியாக வைத்துக்கொண்டு முகாமில் ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் உன்னைப் பார்த்து, நீ பார்த்தாயா என்று கேட்டேன். இனி அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூசும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தொடரின் கடைசிப் பாகத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒளிபரப்பாகவில்லை. கப்பலின் வைத்தியர் ஒரு வயதான பெண், உனக்குத் தெரியும். பலமுறை செத்து, பலமுறை மீட்பறையில் எழுந்தவள். கடைசியில் அவள் கப்பலிடம், இனி என்னைத் திரும்ப உண்டாக்காதே என்று கேட்கிறாள். ஏன் என்று கப்பல் கேட்கிறது. அவள் சொல்கிறாள்: "ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பக் கொண்டுவந்தாய். அதனால் நான் செத்ததற்கு இதுவரை ஒருவரும் அழவில்லை. இப்போது இருக்கிற நான் யாரென்று எனக்குத் தெரியாது. முதலில் செத்தாளே ஒருத்தி, அவளுக்காவது யாராவது அழுங்கள்."

அதற்குக் கப்பல் பதில் சொல்ல வேண்டும். சின்ன வசனம்தான். "சரி. அழுகிறோம்." அவ்வளவுதான். என்னால் சொல்ல முடியவில்லை. எத்தனை தடவை எடுத்தாலும் 'சரி' என்பதோடு நின்றுவிட்டேன். றில்வான் விளக்கை அணைத்துவிட்டு, "இன்னிக்கிப் போதும், வீட்ட போங்க" என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம் வெளியே போகாத அறை அது. அங்கேதான் முதல்முதலாக அழுதேன், சுபா. மண்சரிவு நடந்த நாளிலிருந்து நான் அழவே இல்லை. தேடுகிறவள் ஏன் அழப் போகிறாள்?

அம்மா செத்த பிறகு அவனை இடுப்பில் சுமந்தவள் நான். நான் கொழும்புக்கு வந்த அன்று அவன் பஸ்ஸுக்குப் பின்னால் மேல் ரோட்டு வளைவுவரை ஓடிவந்தான்.

என் தம்பி செத்துப்போய்விட்டான். எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாளும் ஆனது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். இந்தத் தடவை நீ சொல்வதை மட்டும் செய்கிறேன்.

சிவசக்தி


பாடசாலை முகாம், நமுனுகுல
2026 பெப்ரவரி 24

அன்பு மதினிக்கு,

நீங்கள் அழுத அறையில் நானும் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இவ்வளவு நாளும் ஆளுக்கொரு மூலையில் அழுதிருக்கிறோம்.

எங்களை இங்கிருந்து மாற்றப் போகிறார்கள். பாடசாலை தொடங்க வேண்டுமாம். தெமோதரைப் பக்கம் தகரக் கொட்டகைகள் போட்டிருக்கிறார்கள். பழைய லயத்துப் பக்கம் இனி யாரும் குடியிருக்க முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். மண்ணைத் தோண்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். மண் தோண்டிய பெக்கோ இயந்திரம் போகிற சத்தம் கேட்டதும் மாமா வெளியே வந்து, அது வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சாப்பிடவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். "சந்தனத்துக்குக்கூட ரேடியோவுல சொன்னாங்க. எம்மகன் பேர ஒருத்தரும் சொல்லல. காணாமப் போனவன்னு எழுதிட்டுப் போயிட்டானுங்க. அவன் என்ன ஆடா மாடா, காணாமப் போறதுக்கு?" என்றார்.

நமக்கு அது தோன்றவே இல்லை, மதினி. வானொலியில் மரண அறிவித்தல் கொடுக்கவில்லை. நான் நினைக்கவில்லை. நீங்கள் கொடுக்க விட்டிருக்க மாட்டீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களே. இதைச் செய்யுங்கள். வேறு யாரும் வாசிக்க வேண்டாம். நீங்கள் வாசியுங்கள். கப்பலின் குரலில் வேண்டாம், அவருடைய குரலிலும் வேண்டாம். எங்கள் லயத்துப் பிள்ளை சிவசக்தியின் குரலில் வாசியுங்கள்.

யதுஷிகா உங்களைக் கேட்டாள். "அத்தை மேல எனக்குக் கோவம் இல்லன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

சுபாஜினி


வத்தளை
2026 மார்ச் 5

சுபா,

வானொலியில் பேசினேன். வழக்கமாக அவர்களுடைய அறிவிப்பாளர்தான் வாசிப்பாராம். என் தம்பி என்று சொன்னதும் சம்மதித்தார்கள். வருகிற வியாழக்கிழமை, பத்து மணிச் செய்திக்குப் பிறகு வரும்.

எழுதி வைத்திருப்பதை அனுப்புகிறேன். பிழை இருந்தால் உடனே சொல்.

"பதுளை, நமுனுகுல தோட்டத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட இராசையா துஷாந்த் காலமானார். அன்னார் இராசையா, காலஞ்சென்ற ஜெயலெட்சுமி தம்பதியரின் அன்பு மகனும், சுபாஜினியின் அன்புக் கணவரும், யதுஷிகாவின் பாசமிகு தந்தையும், சிவசக்தியின் அன்புச் சகோதரருமாவார்."

இதுவரை எழுதிவிட்டேன். என் பெயரை நானே இன்னொருவருடையதைப் போல வாசிக்க வேண்டும். அதைச் சமாளித்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு வழக்கமாக என்ன வரும் என்று உனக்குத் தெரியும். அன்னாரின் பூதவுடல் இன்ன இடத்தில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, இன்ன நேரத்தில், இன்ன மயானத்தில். இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தும் தெரியவில்லை. அந்த வரியே இல்லாமல் விட்டுவிடலாம் என்றார் வானொலிக்காரர். விட்டால் அவன் இன்னும் எங்கேயோ தூரத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். அதை ஒரு தடவை செய்து பார்த்தது போதும்.

கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அயலவர் ஒருவரைச் சுமந்து காப்பாற்ற முயன்றபோது மண்சரிவில் உயிர்நீத்த அன்னாரின் பூதவுடல், அவர் பிறந்த லயம் இருந்த மண்ணிலேயே அடக்கமாகியுள்ளது."

சரியா?

சிவசக்தி


தெமோதரை
2026 மார்ச் 14

அன்பு மதினிக்கு,

சரிதான். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இங்கே கொட்டகையில் வானொலி இல்லை. தொலைபேசியில் கேட்கலாம் என்று நினைத்தேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு பேரு கேக்குற எடத்துல கேக்கணும்" என்றார். வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மொஹிதீன் நானாவின் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. உங்கள் தம்பி ஆட்டோ நிறுத்துகிற இடம் அதுதான். நானாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் வானொலியை வெளி மேசையில் கொண்டுவந்து வைத்து, சத்தத்தைக் கூட்டினார். நோன்பு காலம் என்பதால் கடையில் கூட்டமில்லை. ஆட்டோக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றுகொண்டார்கள்.

உங்கள் குரல் வந்தது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருஷம் தொலைக்காட்சியில் கேட்ட குரல் இல்லை அது. கரடுமுரடாக இருந்தது.

பெயரைச் சொன்னீர்கள். பிறகு "இராசையா" என்றீர்கள். மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிட்டால் எப்படி நிற்பாரோ அப்படி, கையைக் கட்டிக்கொண்டு நின்று, வானொலியைப் பார்த்து, "ஆமாங்க" என்றார்.

"சுபாஜினியின் அன்புக் கணவரும்" என்றீர்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

"யதுஷிகாவின்" என்றதும் பிள்ளை கடை முழுவதும் கேட்கிற மாதிரி, "ஆமா, எங்கப்பாதான்!" என்றாள். ஓர் ஆட்டோக்காரர் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் பெயர் வந்த இடத்தில் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். வானொலி பழுதோ என்று நானா கையை நீட்டினார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். மாமாதான் வானொலிக்குப் பக்கமாகக் குனிந்து, சின்னப் பிள்ளையிடம் சொல்வது மாதிரி, "சொல்லு ஆயி, சொல்லு. ஓந்தம்பிதான்" என்றார்.

அப்புறம் நீங்கள் சொன்னீர்கள்.

சுபாஜினி